களி ஏன் பசி தாங்குகிறது

(தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்து, 1925 ஜூலை 23 அன்று கண்மூடிய ஊர் இது. தொழுநோய் உடம்பைத் தின்றுகொண்டிருந்தபோதும் ஊர் ஊராக நடந்துபோய்ப் பேசியவர் அவர். அவர் வாழ்ந்த மண்ணில் மேடை ஏறுகிறவன் கேட்பவர்களுக்கு உதவாத எதையும் பேசக் கூடாது என்று நினைக்கிறேன். அதனால் உங்கள் அடுப்படியில் நாளைக் காலையே பயன்படக்கூடிய ஒரு செய்தியை மட்டும் எடுத்து வந்திருக்கிறேன். சாப்பிட்டது மெதுவாகச் செரித்தால் உடம்புக்கு என்ன ஆகிறது, அது யாருக்கு நல்லது, யாருக்குக் கெடுதல் என்பதே அந்தச் செய்தி.

ராகிக் களி தின்றால் பசி தாங்கும் என்று இந்தப் பக்கத்தில் சொல்லாதவர் இல்லை. காலையில் ஓர் உருண்டையை விழுங்கிவிட்டுக் காட்டுக்குப் போனால் உச்சிவெயில் வரைக்கும் வயிறு கேட்காது. அதே அளவு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் பத்து மணிக்கெல்லாம் பசிக்கும். மாவு ஒன்றுதான், எடை ஒன்றுதான். வயிற்றுக்குள் போன பிறகு நடக்கிற வேலைதான் வேறு.

அந்த வேலையை ஒருவர் கண்ணால் பார்த்த கதையைச் சொல்கிறேன். 1822 ஜூனில், அமெரிக்காவின் மாக்கினா தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர் மீது தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் இரைப்பையில் விழுந்த துளை கடைசி வரை மூடவில்லை. அவருக்கு வைத்தியம் பார்த்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் இறைச்சியையும் ரொட்டியையும் முட்டைக்கோஸையும் சிறு துண்டுகளாகப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியாக உள்ளே இறக்குவார். ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்ப்பார், மறுபடி இறக்குவார். எது சீக்கிரம் கரைகிறது, எது கரையாமல் கிடக்கிறது என்று பல ஆண்டுகள் குறித்துவைத்து 1833இல் நூலாக வெளியிட்டார். கோபம் வந்த நாளில் செரிமானம் கெடுகிறது என்பதையும் அவர் கண்டார். அந்த ஏழைக் கூலியாள் எவ்வளவு தூரம் மனம் ஒப்பி இதற்கு உட்பட்டார் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. இன்று நமக்குத் தெரிந்த பலவும் அவருடைய காயத்தின் வழியாக வந்தவை. அவர் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சைத் தொடர எனக்கு மனம் வரவில்லை.

இரைப்பையின் அடிவாய் ஏரி மதகு மாதிரி. உள்ளே எவ்வளவு நிறைந்திருந்தாலும் அளந்துதான் திறந்துவிடும். திடமான உணவு அங்கே ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத் துகளாக அரைபட்ட பிறகுதான் சிறுகுடலுக்குள் போக முடியும். போகும் அளவுக்கும் கணக்கு உண்டு. நிமிடத்துக்குச் சுமார் ஒன்றிலிருந்து நான்கு கலோரி வரைதான். வெறும் தண்ணீரில் பாதி கால் மணி நேரத்திலேயே இறங்கிவிடும். கெட்டியான சாப்பாட்டில் பாதி இறங்க இரண்டு மணி நேரம் ஆகலாம், முழுக்கக் காலியாக நான்கு மணி நேரம்கூட ஆகும். கஞ்சிக்கும் களிக்கும் உள்ள முதல் வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. கஞ்சியை அரைக்க வேண்டிய தேவை இல்லை, அப்படியே வழிந்து இறங்கிவிடும். களி உருண்டை இரைப்பையில் கிடந்து உடைய வேண்டும்.

இரைப்பை விரிந்து நிற்கிற வரையில் வேகஸ் என்ற நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். இரைப்பை காலியானால் கிரெலின் என்ற பசி ஹார்மோன் சுரக்கும். உணவு சிறுகுடலைத் தொட்டதும் அங்கிருந்து வேறு ஹார்மோன்கள் புறப்பட்டு, போதும், மெல்ல விடு என்று இரைப்பையைத் தடுக்கும். செரிக்காத மிச்சம் குடலின் கடைக்கோடி வரை போய்ச் சேர்ந்தால் அங்கேயும் ஒரு தடை விழும். ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் அந்தக் கடைக்கோடியில்தான் அதிகம் சுரக்கிறது. பசியை அடக்கி, இரைப்பையை மெதுவாக்கி, இன்சுலினையும் தூண்டிவிடுகிற ஹார்மோன் அது. 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த உடல் எடைக்கான ஊசிகளான மவுன்ஜாரோவும் வெகோவியும் இந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்கின்றன. மாதத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து அவற்றைப் போட்டுக்கொள்கிறார்கள். களி அந்த ஊசிக்கு ஈடாகும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் பொய். ஊசியின் வலு வேறு. ஆனால் இரண்டும் தொடுகிற இடம் ஒன்று என்று தெரிந்துகொள்வது நல்லது.

இனி சர்க்கரைக்கு வருவோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள சர்க்கரை நோய் ஆராய்ச்சி அறக்கட்டளையும் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று அது மதிப்பிட்டது. வயது வந்தோரில் 100க்கு 11 பேர். தமிழ்நாட்டில் 100க்கு 14 பேர். இதைப் பட்டணத்து நோய் என்று சொன்ன காலம் போய்விட்டது. வீடு தேடி மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிவைத்த இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமம்தான். நம் பக்கத்து மாவட்டம்.

ஒரே அளவு மாவுச்சத்தைச் சாப்பிடும் இரண்டு பேருக்கு ரத்தத்தில் சர்க்கரை ஒரே மாதிரி ஏறுவதில்லை. அந்த வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இரைப்பை காலியாகும் வேகமே காரணம் என்று கண்டிருக்கிறார்கள். குடலுக்குள் போன மாவுச்சத்து எவ்வளவு சீக்கிரம் உடைகிறது என்பது அடுத்த காரணம். 1981இல் கனடாவின் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் என்பவரும் அவரது குழுவினரும் ஒவ்வோர் உணவும் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று அளந்து அட்டவணை போட்டார்கள். அதிலிருந்துதான் இன்று எல்லாரும் பேசுகிற கிளைசீமிக் குறியீடு வந்தது. அக்கார்போஸ் என்று ஒரு சர்க்கரை மாத்திரை இருக்கிறது. குடலில் மாவுச்சத்தை உடைக்கும் நொதியைத் தடுத்து, செரிமானத்தைத் தாமதப்படுத்துவது மட்டுமே அதன் வேலை.

ராகியின் தோலில் இருக்கிற துவர்ப்புப் பொருள்களும் அதே நொதிகளை ஓரளவு தடுக்கின்றன. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் நார்ச்சத்து 11 கிராம், கால்சியம் 364 மில்லிகிராம். தீட்டிய வெள்ளை அரிசியில் நார்ச்சத்து 3 கிராம்கூடத் தேறாது. கால்சியம் 10 மில்லிகிராமுக்கும் கீழே. அரிசியைத் தீட்டுவது போல ராகியைச் சுலபமாகத் தீட்ட முடியாது. உள்பருப்பு மிருதுவானது, தோல் அதோடு இறுக ஒட்டிக்கொண்டது. அதனால்தான் நம் முன்னோர் அதைத் தோலோடு அரைத்தே தின்றார்கள். அந்த வகையில் இந்தத் தானியம் நம்மைக் காப்பாற்றியது. சாமைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கடையில் வெள்ளை வெளேரென்று விற்கிற சாமையைப் பாருங்கள். தவிடெல்லாம் போய்விட்டது. சிறுதானியம் என்ற பெயருக்காக அதை அதிக விலை கொடுத்து வாங்குவதில் பயன் குறைவு.

ராகியை நாம் என்ன செய்கிறோம்? மில்லில் நைசாக அரைத்து, சல்லடையில் சலித்து, தவிட்டை மாட்டுக்கு வைத்துவிட்டு, மிச்ச மாவில் தண்ணீராகக் கஞ்சி காய்ச்சிச் சர்க்கரையும் போட்டு 'ராகி மால்ட்' என்று சர்க்கரை நோயாளிக்குக் கொடுக்கிறோம். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. நைசான ராகி மாவுக் கஞ்சி வெள்ளைச் சோற்றுக்குச் சளைக்காமல் சர்க்கரையை ஏற்றிவிடும். ராகி சாப்பிட்டும் சர்க்கரை இறங்கவில்லையே என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது களியா கஞ்சியா, மாவைச் சலித்தீர்களா என்பதைத்தான்.

களி கிண்டுகிற முறையிலேயே ஒரு நுட்பம் இருக்கிறது. கொதிக்கிற உலையில் நொய்யைப் போட்டு வேகவைத்து, அதன் மேல் மாவைக் கொட்டி, அவித்துப் பிறகு துடுப்பால் கிண்டுகிறீர்கள். குறைந்த தண்ணீரில் வெந்த மாவு இறுகி நிற்கிறது. அதை உருட்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குகிறீர்கள். 1986இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரு சோதனை நடந்தது. சோறு, உருளைக்கிழங்கு, ஆப்பிள், மக்காச்சோளம் ஆகியவற்றைச் சிலர் மென்று தின்றார்கள். பிறகு ஒரு நாள் அதையே மெல்லாமல் விழுங்கினார்கள். விழுங்கிய நாளில் சர்க்கரை ஏற்றம் கணிசமாகக் குறைந்தது. அந்தச் சோதனையில் களி இல்லை. ஆனால் உருண்டையை உடைக்கிற பாடு இரைப்பைக்கு எல்லா உணவிலும் உண்டு. மற்ற சாப்பாட்டை மெல்லாமல் விழுங்குங்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். பல் இல்லாத முதியவர்களுக்கு அது தொண்டையில் அடைக்கும்.

களியோடு என்ன தின்கிறோம் என்பதும் கணக்கில் வரும். கொள்ளு, அவரை, மொச்சை, கீரைக் கடைசல் இவையெல்லாம் இரைப்பையை மெதுவாக்கும். கொள்ளில் 100 கிராமுக்கு 21 கிராமுக்கு மேல் புரதம், மாவுச்சத்தும் சீக்கிரம் உடையாத வகை. பையூர் ஆராய்ச்சி நிலையம் பையூர் 1, பையூர் 2 என்று கொள்ளு ரகங்களையே வெளியிட்டிருக்கிறது. நம் வறண்ட மண்ணுக்கு என்று உருவான பயிர் அது.

இதுவரை மெதுவாகச் செரிப்பதன் நன்மையைச் சொன்னேன். இங்கேயே நிறுத்திவிட்டால் பாதிச் செய்தியைச் சொன்னவன் ஆவேன்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு. மாமியாருக்குச் சர்க்கரை, மருமகளுக்கு ரத்தசோகை, பேரக்குழந்தைக்கு எடை குறைவு என்று மூன்றும் ஒரே வீட்டில் இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மூவருக்கும் ஒரே பானையிலிருந்து பரிமாறுகிறோம்.

ராகியில் இரும்புச்சத்து உண்டு. ஆனால் சர்க்கரையைத் தாமதப்படுத்துகிற அதே தோலில் ஃபைட்டேட்டும் டானினும் இருக்கின்றன. இவை இரும்பையும் துத்தநாகத்தையும் கால்சியத்தில் ஒரு பகுதியையும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. இரும்பை உடம்பு எடுத்துக்கொள்கிற இடம் சிறுகுடலின் தொடக்கப் பகுதி. அங்கே கட்டுண்டு கிடந்தால் கடந்து போனதுதான். தானியத்தில் உள்ள இரும்பில் நூற்றில் சில பங்குதான் ரத்தத்துக்குப் போய்ச் சேர்கிறது. செரிமானம் மெதுவானால் சத்து எல்லாம் நின்று நிதானமாக உடம்பில் சேரும் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி இல்லை. மெதுவாக்குகிற பொருளே சத்தைப் பூட்டியும் வைக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு உதவும் பூட்டு கர்ப்பிணிக்குக் கேடாகிறது.

முளைகட்டினால் அந்தப் பூட்டு திறக்கும். முளைக்கிற விதை தன் தேவைக்காக ஃபைட்டேட்டை உடைத்துக்கொள்கிறது, இரும்பு விடுபடுகிறது. ஆனால் அந்த விதை மாவுச்சத்தையும் சேர்த்தே உடைத்து இனிப்பாக்குகிறது. ஆகவே முளைகட்டிய ராகி குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் ரத்தசோகை உள்ள பெண்ணுக்கும் நல்லது. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். முளைகட்டியது எல்லாருக்கும் சிறந்தது என்று பொட்டலத்தில் அச்சிடுகிறார்களே, அது சரியில்லை.

புளிப்பு ஒன்றுதான் இரு பக்கமும் உதவுகிறது. மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டுக் காய்ச்சுகிற கூழில் ஃபைட்டேட் குறைகிறது. புளிப்பால் உண்டாகும் அமிலம் இரைப்பையையும் மெதுவாக்குகிறது, இரும்பையும் கரைந்த நிலையில் வைத்திருக்கிறது. சாப்பாட்டோடு எலுமிச்சை பிழிந்துகொண்டாலோ, ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொண்டாலோ இரும்பு சேர்வது இரண்டு மூன்று மடங்கு கூடும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள், கொதித்தால் வைட்டமின் சி போய்விடும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் இந்த லாபத்தையெல்லாம் அழிக்கும். இரும்பு சேர்வதைப் பாதிக்கு மேல் குறைத்துவிடுகிறது டீ. ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள்.

புளிப்பு என்றதும் நம் மாவட்டத்துத் துயரம் ஒன்று நினைவுக்கு வருகிறது. இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். கறைபடிந்த பற்களையும் வளைந்த கால்களையும் பார்த்தவர்கள் நீங்கள். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது அதற்காகத்தான். ஃபுளோரைடு வயிற்றில் கால்சியத்தைச் சந்தித்தால் கரையாத பொருளாக மாறி, உடம்பில் சேர்வது குறைகிறது. ராகியும் எள்ளும் மோரும் கீரையும் அந்த வகையில் ஓரளவு காவல். 2002இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சிறுவர்களுக்குத் தினமும் புளி கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரில் ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறியது. காவிரித் தண்ணீர் வந்த பிறகும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் அதை நிறுத்த வேண்டும். புளிக்குழம்பு குடிநீருக்கு மாற்றாகாது.

குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குக் கொள்வது சுமார் 240 மில்லி. அதில் கெட்டியான, தாமதமாகச் செரிக்கிற உணவு போனால் நான்கு வாயிலேயே தலையைத் திருப்பிக்கொள்ளும். தண்ணீராகக் காய்ச்சினால் வயிறு நிறையும், தெம்பு சேராது. காட்டு வேலை செய்கிற உங்களுக்குப் பசி தாங்குவது வரம். ஒரு வயதுக் குழந்தைக்கு அதுவே எடை ஏறாததற்குக் காரணமாகலாம். 1980களில் பரோடாவில் தாரா கோபால்தாஸ் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் அவரோடு பணியாற்றியவர்களும் இதற்கு ஒரு வழியைச் சோதித்துக் காட்டினார்கள். கெட்டியான கஞ்சியில் முளைகட்டி அரைத்த மாவு ஒரு சிறு கரண்டி கலந்தால், அதிலுள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியைச் சில நிமிடத்தில் இளக்கிவிடும். தண்ணீர் சேர்க்காமலே இளகுகிறது, சத்து குறைவதில்லை. கஞ்சி கொதி அடங்கிய பிறகு கலந்து, இளகியதும் மறுபடி ஒரு கொதி விட்டு இறக்குங்கள். முளைத்த ராகியை நிழலில் உலர்த்தி லேசாக மட்டும் வறுக்க வேண்டும். கருக வறுத்தால் அந்த நொதி செத்துவிடும்.

நெடுங்காலம் சர்க்கரை நோய் உள்ள சிலருக்கு வேகஸ் நரம்பே கெட்டு, இரைப்பை சோர்ந்துவிடுகிறது. இரண்டு கவளத்திலேயே வயிறு நிரம்பிவிடும். மதியம் தின்றது இரவில் அப்படியே வாந்தியாக வரும். இன்சுலின் போட்டுக்கொண்ட பின் சாப்பாடு குடலுக்குப் போகாததால் சர்க்கரை திடீரென இறங்கும், நள்ளிரவில் ஏறும். இவர்களுக்குக் களியும் நாரும் ஆகாது. அளவு குறைத்து, அடிக்கடி, இளகலாகக் கொடுக்க வேண்டும். இப்படி யாராவது வீட்டில் இருந்தால் வாயுத் தொல்லை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடையில் கேட்டு வாங்கி வருடக்கணக்கில் போடுகிற கேஸ் மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது வயிற்று அமிலத்தைக் குறைக்கிறது. இரும்பையும் பி12 வைட்டமினையும் உணவிலிருந்து பிரித்தெடுக்க அந்த அமிலம் வேண்டும். சர்க்கரைக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரையும் நீண்ட நாள் போனால் பி12ஐக் குறைக்கும். இரண்டையும் சேர்த்துப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறவர்கள் கால் எரிச்சலும் மரமரப்பும் இருந்தால் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அரிசியின் மேல் எனக்குப் பகை இல்லை. 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் விலையில்லாமலும் ரேஷனில் வந்த அரிசி இந்த மாவட்டத்தில் பட்டினியைத் துரத்தியது. பட்டினி கிடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். 2023இல் நீலகிரியிலும் நம் தருமபுரியிலும் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி தரும் முன்னோட்டத் திட்டம் வந்தது. நல்ல தொடக்கம். கையில் வந்த ராகியை என்ன செய்கிறோம் என்பது நம் பொறுப்பு.

மகளிர் குழுச் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் மாவு அரைத்து விற்கிறீர்கள். இனி இரண்டு பொட்டலமாகப் போடுங்கள். ஒன்று முளைகட்டி, லேசாக வறுத்து அரைத்தது, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும். மற்றொன்று முளைகட்டாத ராகியைக் கொஞ்சம் கொரகொரப்பாக, சலிக்காமல் அரைத்தது, சர்க்கரை உள்ளவர்கள் களி கிண்டுவதற்கு. எது யாருக்கு என்பதை முன்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். முளைகட்டவும் உலர்த்தவும் யோசனை வேண்டுமானால் வேளாண் பல்கலைக்கழகத்தின் அறிவியல் நிலையம் உங்கள் பாப்பாரப்பட்டியிலேயே இருக்கிறது. மில்காரரிடம் சல்லடையின் கண்ணை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். செலவு பெரிதாக ஆகாது.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். முன்வரிசையில் ஓர் அம்மா நெடுநேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார். நீங்கள் கேளுங்கள் அம்மா.